பன்னிரண்டு வெள்ளி

சிகாமட்டில் ராத்திரி ஏறிய பஸ்
சுங்கை சிப்புட் வந்ததும் ஆவி விட்டது.
ரேடியேட்டரில் ஓட்டை.
அன்னம்மாள் கோயிலுக்கு இன்னும்
இரண்டு மணி நேரம் கிடக்கிறது.
பாக் மாட் பழைய கைலியை விரித்துப்போட்டு
பஸ்ஸுக்கடியில் நுழைந்தார்.
செசிலி அக்கா உட்கார்ந்த இடத்திலேயே
துக்கத் தேவ இரகசியம் ஆரம்பித்தாள்.
நான் பர்சை எடுத்துக்கொண்டு நழுவினேன்.

ஒரே தெரு.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி போன வழியெல்லாம்
பழம் சிதறி நசுங்கிக் கிடந்தது.
அஞ்சடியில் உரமூட்டை, ரப்பர் பூட்ஸ்,
ஆளுயரக் கழியில் குலை வெட்டும் அரிவாள்.
அதற்கு மேலே ஒரு பலகையில்
வரிசையாக மாதாக்கள்,
பிளாஸ்டிக் பைக்குள் மூச்சு விடாமல்.

"தோட்டத்துச் சனம் கேக்குது, வெச்சிருக்கேன்"
என்றாள் கடைக்காரச் சீனம்மா.
என்னைவிடச் சுத்தமான தமிழ்.
"தீபாவளிக்கு முறுக்கு அச்சு வருது,
செங் மெங்குக்குக் காகித வீடு.
சாமிக்கு சாமி சண்டை இல்லே,
எலிதான் தொல்லை."

என் கையில் சீட்டு.
அடுத்த வீட்டுக் கலாவதிக்கு, குலுக்கினால்
பனி கொட்டும் கண்ணாடி உருண்டை.
("உள்ள யாரு இருந்தாலும் சரி,
பனி கொட்டணும்.")
மகளுக்கு இருட்டில் மினுங்கும் செபமாலை.
நாத்தனாருக்கு உத்தரியம்,
நூல்கயிறுதான், நைலான் அரிக்குமாம்.
இன்னாசி பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை.
"எனக்கு எதுக்கு, நீ பத்திரமா போய் வா"
என்று வலக்கையை ஆட்டினார்.
இடது, சிலுவார் பைக்குள் இருந்தது.
மர ஆலையில் சுண்டுவிரல் போய்
இரண்டு வருஷம்.
அதற்கப்புறம் நன்மை வாங்கப் போனால்
கையை ஏந்துவதில்லை,
நாக்கை நீட்டுகிறார்.

பலகையின் கடைக்கோடியில்
பை போடாத சூசையப்பர்.
வலக்கையில் லீலி மலர்.
இடக்கையில் சுண்டுவிரல் இருந்த இடத்தில்
சுண்ணாம்பு வெள்ளை.

"அது ஒடஞ்சது, வெச்சிடு.
நல்லது இருபத்தெட்டு வெள்ளி."
"இது எவ்வளவு?"
என்னைப் பார்த்தாள். பொம்மையைப் பார்த்தாள்.
"பதினஞ்சு."
"பத்து. விரல் இல்லியே."
"தச்சு வேலை செய்ற ஆளுக்கு
விரல் போறது சகஜந்தானே?"
"ஆமா, சகஜந்தான்" என்று வாய்விட்டேன்.
"அப்ப வெலைய எதுக்குக் கொறைக்கணும்?"

ஆலையிலும் அப்படியொருத்தன் கேட்டான்,
நஷ்ட ஈட்டுத் தாளை நீட்டிக்கொண்டு.
அவனிடம் எனக்குப் பதில் வரவில்லை.
இவளிடம் பேசினேன், பேசினேன்,
பின்னால் பூட்ஸ் வாங்க வந்த வங்காளப் பையன்
கடிகாரம் பார்க்கும்வரை பேசினேன்.
பன்னிரண்டுக்கு முடிந்தது.
சீனப் பத்திரிகையில் சுருட்டித் தந்து,
கேட்காமலே ஒரு ஒட்டுப்பசைக் குழாயும்
பைக்குள் போட்டாள்.
"விரல் கிடைச்சா ஒட்டிக்க."

"ஒடஞ்ச சுரூபம் வீட்டுக்கு ஆகாது"
என்றாள் செசிலி அக்கா,
ஐந்தாவது இரகசியத்தை நிறுத்தி.
ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பஸ் கிளம்பத் தாமதம் ஆகும் என்று
ஃபாதர் ஜெரார்டு அங்கேயே மந்திரிக்க முடிவெடுத்தார்.
ரேடியேட்டருக்கு வாங்கிய பெட்டியிலிருந்து
ஒரு போத்தல் தண்ணீர். படிக்கட்டில் நின்று செபம்.
மாதாக்கள் முன்னே போனார்கள்.
நான் கடைசியில் நின்று,
இடது பக்கம் என் முந்தானைக்குள் இருக்கும்படி
சூசையப்பரைத் திருப்பிப் பிடித்தேன்.

ஃபாதர் முந்தானையை விலக்கினார்.
ஈர விரலை எடுத்து
சுண்ணாம்பு தெரிந்த இடத்தில் வைத்தார்.
தெளிக்கவில்லை. வைத்தார்.
செபம் முடிந்தும் எடுக்கவில்லை.

"எவ்வளவு குடுத்தே?"

"பன்னிரண்டு, ஃபாதர்."

அவர் கடைத்தெருப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"என்கிட்ட பதினெட்டுக்குக் கீழ
இறங்க மாட்டேன்னுட்டா."